குடிக்காதவனின் கணையம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல். போன வாரம் வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக் கூட்டமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, வங்கி மேனேஜரின் புது ஷூவின் மேல் வாந்தி எடுத்துவிட்டேன். ஒன்றின் மேல் அல்ல, இரண்டின் மேலும். பாவம், அலமாரிச் சாவிக்கு நகல் வெட்ட வந்த மனுஷர். "ஏம்ப்பா, என்ன பண்ணுது?" என்று குனிந்தார். குனியாமல் இருந்திருந்தால் சட்டையாவது தப்பியிருக்கும்.

காலையிலிருந்தே வயிறு சரியில்லை. வாயு என்று நினைத்து இரண்டு சோடா குடித்தேன். அது வாயு இல்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே டிரில்லை வைத்து, முதுகுப் பக்கமாக வெளியே எடுக்கிற மாதிரி ஒரு வலி. நிமிர்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் மட்டும் கொஞ்சம் தேவலை. கடைக்குள் சாவிக் கொத்துகளுக்கு நடுவே அப்படித்தான் சுருண்டு கிடந்தேன்.

எதிர்க்கடைக்காரன் துருதான் வந்து தூக்கினான். உனக்குத் தெரியுமே, பதினைந்து வருடமாக எனக்கு எதிரே சாவி வெட்டி என் பிழைப்பைக் கெடுக்கிறவன். தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு என்னைத் தோளில் தாங்கி வண்டியில் ஏற்றினான். ஏறும்போது என்னிடம் காத்திருந்த இரண்டு பேரைப் பார்த்து, "இவரு வர நாளாகும், நாளைக்கு என் கடைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். எனக்குள் இப்படி ஒரு சாமான் இருப்பதே ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிகிறது. இரைப்பைக்குப் பின்னால், சத்தம் போடாத குடித்தனக்காரர் மாதிரி படுத்துக்கிடக்குமாம். ஐந்து நாள் வாயில் ஒரு பருக்கை கிடையாது, சொட்டுச் சொட்டாகக் கை வழியாகத்தான் சாப்பாடு. ரத்தப் புற்றுக்கு நான் போடுகிற மாத்திரையையும் அந்த ஐந்து நாள் நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டேன், கவலைப்படாதே. நாலு மாதமாக அந்த மாத்திரைதான் என்னை நடமாட வைக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போனில் பேசினால் நான் சிரிக்க வைத்தே தப்பித்துவிடுகிறேன், அதனால் நோய் விஷயம் எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று நீ போட்ட சட்டப்படி இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவனை இப்படி வதைக்கலாமா? உன் பைலில் போடுவதற்கு ஆஸ்பத்திரித் தாளின் நகலும் வைத்திருக்கிறேன். எல்லாம் ஆங்கிலம். அதில் என் வயது மட்டும்தான் எனக்குப் படிக்க வந்தது.

உன் தம்பி
வாலு

பிப்ரவரி 13

தம்பிக்கு,

கடிதமும் தாளும் கிடைத்தன.

விடுதி மூன்றாவது மாடியில் பல் மருத்துவம் படிக்கும் பெண் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். "இது வேணாம் மேடம்" என்றாள். படி என்றேன்.

இருபது வருடமாகத் தினமும் ஒரு பாட்டில் மது, நோயாளியே சொன்னது என்று எழுதியிருக்கிறதாம். குடியால் வந்த கணைய வீக்கம் என்று முடித்திருக்கிறார்களாம். 'நோயாளியே சொன்னது' என்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் அதேதான் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன் உன் அத்தான் குளியலறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. எல்லார் வீட்டுக் கதவையும் திறக்கிற என் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தாய். துவாரத்துக்குள் கம்பியை நுழைக்க உன் கை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தார். அத்தான் பிழைத்தார், அதற்கு மேல் நாலு வருடம் இருந்தார், அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "இனிமே தொட மாட்டேன்க்கா" என்று நீயாகத்தான் சொன்னாய். தொட்டால் நான் உனக்கு அக்கா இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ரத்தத்தில் நோயை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறாய். இனிமேல் எழுத வேண்டாம்.

வெந்நீர் குடி. எண்ணெய் சேர்க்காதே.

வார்டன்
(விடுதி முத்திரை)

பிப்ரவரி 17

உயர்திரு வார்டன் அம்மா அவர்களுக்கு,

கூடப் பிறந்தவனுக்கு முத்திரை குத்திக் கடிதம் போட்ட அக்கா உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வேண்டுமானால் அபராதம் போடு.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை, வலிக்கு ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. வலி விட்டால் எனக்கு வாய் வந்துவிடும், உனக்குத் தெரியாதா. அப்போதுதான் குட்டி டாக்டர் வந்தாள். பார்க்க உன் விடுதிப் பெண்கள் மாதிரி இருக்கிறாள், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தானாம். அட்டையும் பேனாவுமாக நின்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"டிரிங்ஸ் எடுப்பீங்களா அங்கிள்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! இருபது வருஷமா தினம் ஒரு பாட்டில். ஒரு நாள் நான் போகலைன்னா கடைக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பி உடம்பு எப்படின்னு விசாரிப்பார்."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். ஊசி போட்ட நர்ஸம்மா சிரித்தார். குட்டி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். எழுதுகிறாள் என்று பார்த்தேன், ஆனால் இதை எழுதுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு ஏதோ, பெயர், விலாசம் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் அக்கா. பதினோரு வருடமாக நான் அதன் மூடியைக்கூட முகரவில்லை. நீ அந்தக் குளியலறைக் கதவைப் பற்றி எழுதியதைப் படித்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்தக் கதவை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? தினமும் ஒரு கதவு திறக்கிறேன், தினமும் அந்தக் கதவுதான் முன்னால் நிற்கிறது.

உன் முத்திரையைப் பார்த்த கோபத்தில் நேராக மெஷினில் போய் உட்கார்ந்து என் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டினேன். இதோடு இருக்கிறது. எந்த நாள் வேண்டுமானாலும், சொல்லாமல் கொள்ளாமல் வா. திற. அலமாரி, கட்டிலுக்கு அடி, தண்ணீர்த் தொட்டி, மழைக்கோட்டுப் பை எல்லாவற்றையும் முகர்ந்து பார். சாவி வெட்டுகிறவன் தன் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டான் என்றால் அதற்குமேல் கொடுக்க அவனிடம் ஒன்றும் கிடையாது.

உன் தம்பி
(என்னிடம் முத்திரை இல்லை)

பிப்ரவரி 22

தம்பிக்கு,

சாவி கிடைத்தது. மேஜை இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

குடிக்கவில்லை என்கிறாய். குடித்த காலத்திலும் இதையேதான் சொன்னாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறாய். அதை நம்பினாலும் கோபம் வருகிறது, நம்பாவிட்டாலும் கோபம் வருகிறது. வலியில் கிடக்கும்போது டாக்டர் கேட்கிற கேள்விக்கு விளையாடுகிறவனை என்ன செய்வது? விடுதியில் பதினெட்டு வயதுப் பெண் இதைச் செய்தால் அப்பாவுக்குக் கடிதம் போடுவேன். உனக்கு நான் யாருக்குப் போடுவது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது விளையாட்டு என்று திரும்பப் போய் அந்த டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஒரு பக்கம் எழுதியிருப்பாய். அந்த வரி பைலில் இருக்கும்வரை யார் உன்னைப் பார்த்தாலும் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பார்கள். போய்ச் சொல். திங்கட்கிழமையே போ.

இதை வைத்து நான் நம்பிவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

அக்கா
(முத்திரையில் மை தீர்ந்துவிட்டது. அதனால்தான் கையெழுத்து.)

மார்ச் 3

அக்கா,

பென்சிலில் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். திரும்பவும் அதே வார்டு, அதே பதினான்காம் நம்பர் படுக்கை. பக்கத்துப் படுக்கைக்காரர் மட்டும் புதுசு. இந்தத் தடவை யாருடைய ஷூவுக்கும் சேதம் இல்லை.

நீ சொன்ன திங்கட்கிழமை கடையில் கூட்டம். அடுத்த திங்களுக்குப் போகலாம் என்று வைத்தேன். அதற்குள் வியாழக்கிழமை வலி வந்துவிட்டது. போன தடவையைவிட அதிகம்.

இப்போது எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெரிய டாக்டரிடம், "அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது சார், பதினோரு வருஷமா தொட்டதில்ல" என்றேன். தோளில் தட்டிக்கொடுத்து, "குடிக்கிறவங்க எல்லாரும் இதைத்தாம்பா சொல்றாங்க" என்றார். குட்டி டாக்டரைத் தேடினேன், வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். பொய் சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லும்போது பேனாவை மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. கடை ஷட்டரின் உள்பக்கம், மாத்திரை போட்ட நாளுக்கெல்லாம் சாக்பீஸில் ஒரு கோடு போடுவேன், மறக்காமல் இருக்க. போன தடவை இங்கே ஐந்து நாள் மாத்திரை இல்லை, வலி அடங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்த் திரும்பத் தொடங்கினேன், இருபத்தொன்றாம் கோட்டில் வலி. இப்போது நாலு நாளாக மாத்திரை இல்லை, மறுபடியும் அடங்குகிறது. ஒரே சாவி ஒரே பூட்டில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டால் நான் பூட்டைத் திட்ட மாட்டேன், சாவியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? குடிகாரன் கண்டுபிடிப்பு என்பார்கள்.

இன்னும் சில நாளில் அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லப்போகிறார்கள். வாயில் போடுகிற மாதிரி போட்டுவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். போட்டால் வயிறு கொல்லும், போடாவிட்டால் ரத்தம் கொல்லும்.

பயமாக இருக்கிறது அக்கா. இந்தக் கடிதத்தில் சிரிப்பு ஒன்றும் வைக்கவில்லை, தேடாதே.

தம்பி

மார்ச் 6

டேய் தம்பி,

தலையணைக்கு அடியில் மாத்திரையை வைத்தாயானால் அங்கேயே வந்து காதைத் திருகுவேன், வார்டு முழுக்கப் பார்க்கட்டும். நிறுத்துவதும் மாற்றுவதும் உன் ரத்த நோயைப் பார்க்கிற டாக்டரம்மாவின் வேலை. திருட்டுத்தனமாக நிறுத்தினால் வயிறு பிழைக்கும், நீ போய்விடுவாய். போடப் பயமாக இருந்தால் "போட மாட்டேன், ஏன்னு கேளுங்க" என்று வாயைத் திறந்து சொல். ஊரையே கலாய்க்கிற வாய்க்கு இது முடியாதா?

பல் மருத்துவப் பெண் தன் புத்தகத்தில் பார்த்தாள், ஆசிரியரிடமும் கேட்டாள். புற்றுநோய் மாத்திரைகளில் சில, அபூர்வமாக, கணையத்தை வீங்க வைக்குமாம். அரிதாம், ஆனால் உண்டாம். உன் சாக்பீஸ் கோட்டை அவளிடம் சொன்னேன். "உங்க தம்பி டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் மேடம்" என்றாள். ஐந்தாவதோடு நின்றவன் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் உன்னை நான் நம்பியது அவள் சொன்னதால் இல்லை. அதற்கு முந்தின நாளே நம்பிவிட்டேன். ஏன் என்று தனியாக எழுதவில்லை, டாக்டரம்மாவுக்கு எழுதியிருப்பதிலேயே இருக்கிறது. ஒட்டிய உறை அவருக்கு. நீ பிரிப்பாய் என்று தெரியும், அதனால் உனக்கும் ஒரு நகல் கீழே.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பதினான்காம் எண் படுக்கையில் இருப்பவன் என் தம்பி. அவன் பேசுவதில் பாதி பொய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதில், அக்கா இறந்துவிட்டாள் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் விடுப்பு வாங்கியவன். இறந்த அக்கா நான்தான்.

பதினெட்டு வருடமாகப் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். நூற்று நாற்பது பேரில் இன்று யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் தம்பி ஒன்பது வருடம் குடித்தான். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடக் குடித்தேன் என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் நிற்கும்போதும் பல்வலிக்கு மருந்து போட்டேன் என்பான். குடித்தேன் என்று அவனே வாய் நிறையச் சொன்னது உங்கள் ஆஸ்பத்திரியில்தான் முதல் தடவை. ஆகவே அவன் குடிக்கவில்லை.

தயவுசெய்து அந்த வரியை அடித்துவிட்டு, அவன் வயிற்றை முதலிலிருந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை போட்ட நாள்களுக்கு அவனிடம் கணக்கு இருக்கிறது. அது மட்டும் பொய்யாக இருக்காது, ஏனென்றால் அதை அவன் யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை.

இப்படிக்கு,
இறந்துபோகாத அக்கா

அசலில் முத்திரை குத்தியிருக்கிறேன். மை வாங்கிவிட்டேன்.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள, உயிரோடு இருக்கிற அக்காவுக்கு,

நீ அன்று பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி டாக்டரம்மா, அதுதான் என் ரத்தத்தைப் பார்க்கிறவர், இத்தனை நாள் விடுப்பில் இருந்தாராம். வந்த முதல் நாளே உன் உறையைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு என் படுக்கையில் உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செத்துப்போன அக்கா எழுதினதா இது?" என்றார்.

"ஆமாம்மா, உயிரோட இருந்தப்ப இதைவிடக் கடுமையா எழுதுவா."

"வாயை மூடுங்க. இந்த வாயாலதான் இங்க வந்து கிடக்கிறீங்க."

அப்படியே நீ பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு பைலை எடுத்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன். கல் இல்லை. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மாத்திரைக் கணக்கைக் கேட்டார். அது ஷட்டரில் அல்லவா இருக்கிறது? துருவுக்குப் போன் போட்டு, என் கடைக்குள் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அளவு தெரிவதற்காக என்று கோட்டுக்குப் பக்கத்தில் தன் விசிட்டிங் கார்டை ஒட்டி எடுத்திருந்தான். டாக்டரம்மா கோடுகளை விரலால் எண்ணினார், கார்டையும் படித்தார்.

"மாத்திரைதான்" என்றார். "நூத்துல ஒருத்தருக்கு, ரெண்டு பேருக்கு இப்படி ஆகும். குடின்னு எழுதியிருந்ததால யாரும் இந்தப் பக்கமே பாக்கல. இனி இந்த மாத்திரையை நீங்க தொடவே கூடாது."

என் வாழ்க்கையில் நூற்றில் ஒருவனாக வந்தது இதுதான் முதல் தடவை அக்கா. பள்ளிக்கூடத்தில் நாற்பதில் நாற்பதாவதாக வந்தேன்.

குட்டி டாக்டரையும் வரச் சொல்லியிருந்தார். பழைய வரியின் மேல் கோடு இழுத்துக் கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னுதும்மா" என்றேன். நிஜமாகவே சொன்னேன். "இல்ல அங்கிள், நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு புதுத் தாள் எடுத்து, "இப்ப ஒழுங்காச் சொல்லுங்க, எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டாள்.

"நீங்க போடுற ஊசிதான் ஒத்துக்கல" என்றேன். பேனா நகர்வதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எழுதாதீங்க, எழுதாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அடுத்த வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

வயிறு முழுக்க அடங்கியதும் வேறொரு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், குறைந்த அளவில். மூன்று வாரத்தில் ரத்தம் பார்ப்பார்கள். நின்றிருந்த நாள்களில் நோய் ஏறியிருக்கக் கூடாது, புது மாத்திரையைக் கணையமும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே சாவி இரண்டு பூட்டுக்கும் சேர வேண்டும். டாக்டரம்மா தொழில் என் தொழிலைவிடச் சிரமம்தான். சேராவிட்டால் என்ன என்று கேட்டேன். "அப்ப வேற சாவி பாப்போம்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அதனால் நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்று வாரம் அக்கா.

உன் வாலு

மார்ச் 31

தம்பிக்கு,

பரீட்சை நேரம், ஒரு பெண் தூங்காமல் மயங்கி விழுந்தாள், ஒருத்தி அழுதுகொண்டே இருக்கிறாள். அதனால்தான் உடனே எழுதவில்லை. அப்படி எழுதலாம். உண்மை அதுவல்ல. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நீ சாவி அனுப்பிய வாரம், யாரிடமும் சொல்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உன் ஊருக்குப் பேருந்து ஏறினேன். உன் வீட்டைச் சோதனை போடத்தான். சாப்பாட்டுக்கு வண்டி நின்ற இடத்தில் இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பது? ஏதாவது இருந்தால் எப்படி வீடு திரும்புவது? எதிர்ப்பக்கம் போய் நின்று, முதலில் வந்த வண்டியில் திரும்பிவிட்டேன். இழுப்பறையில் போட்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியது அதற்கு அடுத்த நாள்.

உன் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. என்ன வந்தாலும் வரட்டும், அதற்கு முன்னாலேயே இதை அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். சாவியைத் திருப்பி அனுப்புகிறேன், பதிவுத் தபாலில், பருத்த உறைக்குள். எனக்கு இது வேண்டாம். உன்னைப் பார்க்க வரும்போது கதவைத் தட்டுவேன். நீ திறப்பாய். நீ திறக்கிற அளவுக்குத் தெம்பாக இரு, அது போதும்.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன், பத்து நாள் இருப்பேன். வீட்டைப் பெருக்கி வை.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பெரிய சேதி. நேற்று ரத்தம் பார்த்தாயிற்று. நோய் பெரிதாக ஏறவில்லை. ஒரு துளி ஏறியிருந்ததும் இறங்குகிற பக்கம் திரும்பியிருக்கிறது. கணையத்தின் கணக்கும் சரி. புது மாத்திரை இரண்டு பூட்டுக்கும் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா, "உங்க அக்காவுக்கு எழுதிடுங்க, இல்லன்னா எனக்கு முத்திரை குத்தி வந்துடும்" என்றார். தொடர்ந்து மாதா மாதம் பார்க்க வேண்டும். பார்க்கலாம். நான் எங்கே போகப்போகிறேன்.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டினார். கையெழுத்துப் போட வெளியே வந்தேன். போட்டேன். பிரித்து வாசலிலேயே நின்று படித்தேன். நீ பாதி வழியில் இறங்கிய இடம் வந்தபோது கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. அப்போது காற்றில் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

என் வீட்டுக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம், உனக்குத் தெரியும். நானே பொருத்தியது. என் சாவி உள்ளே மேஜை மேல். கடைச் சாவியும் அதே கொத்தில்தான், ஆகவே பூட்டுத் திறக்கிற சாமான் எதையும் எடுக்க வழியில்லை. புது மாத்திரை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, நாலு மணிக்குப் போட வேண்டும்.

எனக்குக் கவலையே வரவில்லை. உறையைக் கவிழ்த்து, நீ அனுப்பிய சாவியை எடுத்து, பூட்டில் போட்டேன்.

சேரவில்லை.

எடுத்து வெயிலில் பார்த்தேன். மூன்றாவது பல் அரை மில்லி அதிகம். உன் முத்திரையைப் பார்த்த கோபத்தில் வெட்டியது, போட்டுப் பார்க்காமலேயே உறையில் வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். அது பாதியில் ஒடிந்து, மீதி உள்ளே இருக்கிறது. அக்கா, சாப்பாட்டுக்கு வண்டி நின்ற இடத்தில் நீ இறங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

இதை வாசற்படியில் உட்கார்ந்து, உன் உறையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் எழுதுகிறேன். பேனா தபால்காரருடையது, வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். மேல்வீட்டம்மாவின் போனிலிருந்து துருவுக்குச் சொல்லியிருந்தேன். இப்போது மணி மூன்று பத்து. துரு வந்துவிட்டான். பூட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.